'நாம்' பார்த்துக்கொள்கிறோம்: முதுமை மறதியின் வீட்டு வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

'வெள்ளைக்காரன் வயசானவங்களைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிடுவான். நாம அப்படியா? வீட்டோட வச்சுப் பாத்துக்குறோம்.' முதுமை மறதி பற்றிப் பேச்சு எழுகிற இடங்களில் எல்லாம் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். பட்டிமன்றத்தில், கல்யாணப் பந்தியில், கொஞ்சம் கனமான சொற்களில் கருத்தரங்குகளில். தமிழ் இலக்கணம் படித்தவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தில் என்னை உறுத்துவது அதன் எழுவாய். 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளடக்கிக்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. சொல்பவர், கேட்பவர், பண்பாடு, பரம்பரை எல்லோரும் அதற்குள் அடக்கம். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்து 'எங்க வீட்டுக்குப் போறேன்' என்று தெருவில் இறங்கிவிடும் கிழவரின் பின்னால் ஓடுவது யார்? ஒரே கேள்வியை முப்பது தடவை கேட்கும் கிழவிக்கு முப்பதாவது தடவையும் பதில் சொல்வது யார்? மலம் பட்ட சேலையை அலசுவது யார்? அந்த ஆள் பெரும்பாலும் ஒருமை, பெரும்பாலும் பெண்பால். பன்மைக்குள் அவள் மறைந்துபோகிறாள்.

இந்த மறைவுக்கு ஒரு வரலாறு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எழுதுவதில் ஒரு சிக்கலும் உண்டு. மிஷேல் ஃபூக்கோவின் 1961ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு மனப்பிறழ்வின் வரலாற்றை அடைப்பிடங்களின் வரலாறாக வாசிக்கப் பழகிவிட்டோம். சென்னைக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. 1794இல் வாலண்டைன் கொனோலி நடத்திய தனியார் காப்பகம், 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட மருத்துவமனை என்று அதைச் சொல்லிக்கொண்டு போகலாம். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே நம் பேச்சில் வசையாகிப்போனது அந்த நிறுவனத்தின் அதிகாரத்துக்குச் சாட்சி. ஆனால் மறதி முற்றிய முதியவர்களில் பெரும்பாலோர் கீழ்ப்பாக்கத்தின் வாசலை மிதித்ததே இல்லை. அவர்கள் திண்ணையில் இருந்தார்கள், பின்கட்டில் இருந்தார்கள், ஓட்டுச்சாய்ப்பின் கீழ்க் கயிற்றுக் கட்டிலில் இருந்தார்கள். அடைப்பிடத்தில் பதிவேடு உண்டு, மருத்துவரின் குறிப்பு உண்டு, சாப்பாட்டுக் கணக்கு உண்டு. வீட்டில் இவை எதுவும் இல்லை. ஆகவே வீட்டின் வரலாற்றைத் தேடுபவர் வேறு தடயங்களை நம்ப வேண்டியிருக்கிறது. நான் இங்கே நம்பப்போவது இரண்டை: நோயைக் குறிக்க மக்கள் வைத்திருந்த சொற்கள், நோயாளி சொன்ன குற்றச்சாட்டுகள்.

2

'இந்தியாவில் இப்படியொரு நோயே தெரியாது, மேற்கத்திய மருத்துவம் வந்துதான் சொன்னது' என்பது பாதிதான் உண்மை. அடையாளங்கள் நன்றாகவே தெரிந்திருந்தன, பெயரும் இருந்தது. கேரளத்தில் இதைச் 'சின்னன்' என்றார்கள், பிள்ளைத்தனம் என்ற பொருளில். (ஈழத்துப் பேச்சுத் தமிழில் 'சின்னன்' என்றால் சிறியது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.) கோவாவில் கொங்கணி பேசுவோர் 'களைத்த மூளை' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார்கள். காசியில் ஆங்கிலத்தையே எடுத்து 'வீக் பிரெய்ன்' என்றார்கள். யாழ்ப்பாணத்தில் 'அறளை பேர்ந்திட்டுது' என்பார்கள். நம் பக்கத்தில் 'புத்தி தடுமாறுது', 'சின்னப் பிள்ளை மாதிரி ஆயிட்டாரு'.

இந்தச் சொற்களில் ஒரு கனிவு இருப்பதை மறுக்க முடியாது. கிழவரைப் பிள்ளையாக்கிவிட்டால் அவர் செய்வதற்குப் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. ஆனால் இவை நோயின் பெயர்கள் அல்ல, வயதின் பெயர்கள். வயது எல்லோருக்கும் வருகிறது. எல்லாக் கிழவர்களும் தெருவில் இறங்கி ஓடுவதில்லையே! அப்படியானால் இந்த வீட்டுக் கிழவர் மட்டும் ஏன்? இந்தக் கேள்விக்கு ஊர் ஒரு விடை வைத்திருந்தது: வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை.

லாரன்ஸ் கோஹன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் காசியில் கள ஆய்வு செய்து 1998இல் வெளியிட்ட நூல், 'இந்தியாவில் முதுமை இல்லை' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. அதன் துணைத்தலைப்பில் அல்சைமருக்குப் பக்கத்திலேயே 'கெட்ட குடும்பம்' என்ற சொற்றொடரையும் வைத்திருந்தார். இந்தியச் சொல்லாடலில் முதியவரின் தடுமாற்றம் ஒரு மூளையைப் பற்றிய செய்தியாக வாசிக்கப்படாமல் ஒரு குடும்பத்தைப் பற்றிய செய்தியாக வாசிக்கப்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நவீனம் வந்தது, கூட்டுக்குடும்பம் உடைந்தது, பிள்ளைகள் கெட்டுப்போனார்கள், அதனால் கிழவிக்குப் புத்தி பேதலித்தது என்று ஒரு கதையாடல். நான் இதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 'கெட்ட குடும்பம்' என்பதும் ஒரு பன்மைதான். நடைமுறையில் அந்தத் தீர்ப்பு ஓர் ஆள் மேல்தான் இறங்குகிறது.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்துவிடுவார். பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று 'சோறு போட மாட்டேங்குறா, பட்டினி போட்டுக் கொல்றா' என்பார். அந்தக் குரலில் நடிப்பு இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் சாப்பிடவில்லை, அதுதான் நிஜம். தெரு நம்பியது. கொஞ்ச நாளில் அந்த மருமகள் ஒரு காரியம் செய்தார்: அடுக்களையில் வைத்து ஊட்டுவதை விட்டுவிட்டு, தெரு பார்க்கத் திண்ணையில் உட்காரவைத்து ஊட்டத் தொடங்கினார். தட்டில் என்ன இருக்கிறது என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். பராமரிப்பைச் செய்தால் மட்டும் போதாது, அதற்குச் சாட்சியும் தயாரிக்க வேண்டும். அந்தச் சாட்சி தயாரிக்கும் வேலை எந்தக் கணக்கிலும் வராத வேலை.

3

நோயாளியின் குற்றச்சாட்டு என்பது நம் ஊர் விசேஷம் அல்ல. இந்த நோயின் முதல் எழுத்துப் பதிவே அப்படித்தான் தொடங்குகிறது. 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் ஒரு ரயில்வே எழுத்தரின் மனைவி சேர்க்கப்பட்டார். வயது 51. பெயர் அகுஸ்தே டேட்டர். அலோயிஸ் அல்சைமர் 1906இல் ட்யூபிங்கனில் இவரைப் பற்றிப் பேசினார், 1907இல் அச்சிட்டார். அவர் முதலில் குறிப்பிடும் அறிகுறி மறதி அல்ல, கணவன் மேல் வந்த சந்தேகம். மறதி பின்னால்தான் வருகிறது. ஆக, அல்சைமர் நோயின் பிரதியில் முதலில் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர் வீட்டில் கூட இருந்த ஆள்.

1910இல் எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் இதற்கு 'அல்சைமர் நோய்' என்று பெயரிட்டார். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பெயர் முதுமைக்கு முன்பே வரும் அரிய நோய்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஐம்பது வயதில் மறந்தால் நோய், எண்பது வயதில் மறந்தால் வயது. இந்தச் சுவரை 1976இல் ராபர்ட் கட்ஸ்மன் என்ற நரம்பியலாளர் ஒரு சிறிய தலையங்கத்தில் உடைத்தார். இரண்டும் ஒன்றே என்றார். ஒரே எழுத்தில் அரிய நோய் பெருநோயாயிற்று. அமெரிக்காவில் 1974இல் உருவான தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்துக்கு நிதி கேட்க ஒரு நோய்ப்பெயர் தேவைப்பட்டது, குடும்பங்களுக்கும் தேவைப்பட்டது. 1980இல் அங்கே குடும்பத்தாரின் சங்கம் தேசிய அளவில் உருவானது. மறு ஆண்டு நான்சி மேஸும் பீட்டர் ராபின்ஸும் எழுதிய கைநூல் வந்தது. அதன் தலைப்பு பராமரிப்பவரின் ஒரு நாளுக்கு முப்பத்தாறு மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது.

மருத்துவப் பெயரிடல் என்பது அதிகாரத்தின் செயல் என்று நாம் எழுதி எழுதிச் சலித்திருக்கிறோம். முதுமையை மருத்துவமயமாக்கி மருந்துக் கம்பெனிக்குக் கதவு திறந்துவிட்டது இந்தப் பெயர் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் திண்ணையில் சோறு ஊட்டிய மருமகளின் இடத்திலிருந்து பார்த்தால் அதே பெயர் ஒரு விடுதலைப் பத்திரம். 'இது நோய், நான் செய்த குற்றம் இல்லை' என்று தெருவிடம் சொல்ல அவளுக்கு ஒரு சொல் கிடைக்கிறது. நம் கோட்பாட்டு விவாதங்கள் நோயாளியின் உடலைப் பார்த்த அளவுக்குப் பக்கத்தில் விழித்திருந்த உடலைப் பார்க்கவில்லை.

4

அந்தச் சொல் இங்கே எப்போது வந்தது? 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1992இல் கேரளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் குரியாகோஸ் முன்னின்று அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகளுக்கான இந்தியச் சங்கத்தை நிறுவினார். 1990களின் நடுவில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பு, அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. கிராமத்தில் கூட்டுக்குடும்பம் இருக்கிறது, அங்கே இது வராது என்ற பொதுப்புத்திக்கு இது முதல் அடி. 1998இல் கொச்சி மாநாட்டில் '10/66' என்ற ஆய்வுக்குழு பிறந்தது. மறதிநோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, இந்த நோய் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது.

அந்தக் குழுவைச் சேர்ந்த மருத்துவர் கே.எஸ். ஷாஜி முதலானோர் திருச்சூர்ப் பகுதியில் பராமரிப்பவர்களைச் சந்தித்து 2003இல் எழுதினார்கள். பராமரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் மருமகள்கள். நோய் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சுற்றியிருந்தவர்களின் விமர்சனம் மட்டும் தவறாமல் கிடைத்தது. எங்கள் தெருவுக்கும் திருச்சூருக்கும் தூரம் அதிகமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கோவாவில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2008இல் வெளியான அந்தச் சோதனையில் 81 குடும்பங்கள் கலந்துகொண்டன. பெரிய மருத்துவமனை இல்லை, புது மருந்து இல்லை. ஒரு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் போனார்கள், ஆறு மாதம். இது என்ன நோய், ஏன் இப்படி நடந்துகொள்கிறார், கோபம் வந்தால் எப்படிச் சமாளிப்பது, அரசு உதவிகளை எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து பேசினார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் வந்தார். நோயாளியின் செயல்திறனில் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. பராமரித்தவர்களின் மனநலம் தேறியது, அவர்களின் தவிப்பு குறைந்தது. 'அப்ப பிரயோஜனம் இல்லைன்னு சொல்லுங்க' என்று நண்பர் ஒருவர் சொன்னார். பிரயோஜனம் யாருக்கு என்று கேட்டேன். கிழவருக்கு நினைவு திரும்பாதது ஒரு வரலாற்று அதிசயம் அல்ல. பக்கத்தில் இருந்தவளிடம் ஒருவர் 'நீ எப்படி இருக்கே?' என்று முறையாக, திட்டமிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேட்டதுதான் வரலாறு.

5

சட்டம் இந்த வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்கலாம். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்பதற்கு விளக்கம் உண்டு: மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் இல்லை. பராமரிப்பு என்பது அங்கே பெரும்பாலும் பணம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். 2019 டிசம்பரில் மக்களவையில் வைத்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் 'பிள்ளைகள்' பட்டியலில் சேர்த்தது. அது நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. ஆனால் அந்த நகர்வைக் கவனியுங்கள்: இத்தனை காலம் உழைத்தவள் சட்டத்தின் பிரதிக்குள் பெயரோடு வரவிருந்தது கடமைப்பட்டவளாக, தவறினால் தண்டிக்கத் தக்கவளாக. அவளுக்கு ஓய்வு நாள், மாற்று ஆள், உதவித்தொகை என்று எதையும் அந்தச் சேர்க்கை கொண்டுவரவில்லை. தெருவின் தீர்ப்பு அரசின் மொழியில் மறுபதிப்பாக இருந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் நோய் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. மறதிநோய்க்கு அங்கே பெயர் இல்லை. பெயருக்கான சண்டை முடிந்துவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள். 88 லட்சம் நோயாளிகள் என்றால் விழித்திருக்கும் இரவுகள் எத்தனை? 2019ஆம் ஆண்டு அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டாரைப் பார்த்துக்கொள்ளும் கூலியில்லா வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் 134 நிமிடம் செலவிட்டதாகவும் ஆண்கள் 76 நிமிடம் செலவிட்டதாகவும் சொல்கிறது. குழந்தை வளர்ப்பும் சேர்ந்த சராசரி அது. மறதிநோய் உள்ள வீட்டின் கணக்கு அதற்குள் கரைந்துபோகிறது.

கொஞ்சம் வசதி உள்ள வீடுகளில் இந்த வேலை இன்னொருத்திக்குக் கைமாறியிருக்கிறது. ஏஜென்சி மூலம் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு வரும் 'ஆயா', 'அட்டெண்டர்'. மருமகள் வேலைக்குப் போக, அவள் இடத்தில் சம்பளத்துக்கு ஒரு பெண். 'நகையைத் திருடிட்டா' என்று கிழவி சொல்லும்போது இப்போது காவல் நிலையம்வரை போக வேண்டியிருப்பவள் அவள். அவளுக்குச் சாட்சி சொல்லத் திண்ணைகூட இல்லை, அடுக்குமாடியின் பூட்டிய கதவுதான்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கம் அரசுக்கு வந்திருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. அந்தக் கதவைத் தட்டுபவர் நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்த கையோடு, பக்கத்தில் நிற்பவளின் தூக்கத்தைப் பற்றியும் கேட்டால் என்ன ஆகும் என்பதைக் கோவா ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது.

வட்டார வழக்குச் சொற்களைச் சேகரிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் இந்த மறதிக்கு என்ன சொல் வழங்குகிறது என்று குறித்துக்கொள்ளும்போது, அந்தச் சொல்லைச் சொன்னவர் யார், யாரைப் பற்றிச் சொன்னார், அந்த வீட்டில் பார்த்துக்கொண்டவர் யார், அவர் என்ன உறவு, எத்தனை வருஷம் பார்த்தார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஆவணக் காப்பகம் கிடையாது. இப்போதைக்கு இப்படித்தான் தொடங்க முடியும்.