பழங்கட்டிடங்களின் வனப்பும் நமது கடமையும்

பயன் ஒழிந்த கட்டிடத்தைப் பாழென்று இகழ்ந்து அப்பாற் செல்லுதல் உலக வழக்கு. சரித்திர நோக்குடையார்க்கோ அதுவே விரித்து வைத்த ஏடாக விளங்கும். மாதவரத்திலும் அதனைச் சூழ்ந்த வடசென்னையிலும் வாழும் நம்மவர் அவ்வேட்டைப் படிக்க நெடுந்தூரம் யாத்திரை செய்ய வேண்டுவதில்லை.

முதலாவதாக, இராயபுரம் புகைவண்டி நிலையத்தை நோக்குவோம். 1856-ஆம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி சென்னைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு அதனைத் திறந்துவைத்தார். ஜூலை 1-ந் தேதி பிரயாணிகள் வண்டி அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடலாயிற்று. 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்த பின்னர் இராயபுரத்தின் செல்வாக்குப் படிப்படியாகக் குன்றியது. உயர்ந்த தூண்களும் அகன்ற கூடங்களும் பொலிவிழந்து நின்றன.

இதில் ஒரு விந்தை உண்டு. பம்பாயில் 1853-இல் முதல் வண்டி புறப்பட்ட போரி பந்தர் நிலையம், ஜனக்கூட்டம் பெருகியமையால் இடம் போதாது மறைந்தது. அங்கே விக்டோரியா நிலையம் எழுந்தது. இராயபுரமோ மறக்கப்பட்டமையாலேயே பிழைத்தது. ஆயினும் மறதி என்றும் காவலாகாது. கட்டிடம் மிகவும் சிதைவுற்ற பின்னரே, 2005-இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இரண்டாவது, பழைய சிறைச்சாலைத் தெருவின் மாடிப்பூங்கா. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையும், 1769-இல் ஹைதர் அலியின் வருகையும் நகரத்தாரை நடுங்கச் செய்தன. அதன் பின்னர் கும்பினியார் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்புவித்தனர். அதன் எச்சமே இப்பூங்காவைத் தாங்கி நிற்பது. மதிற்செலவை வரியாக நகரத்தார்மேற் சுமத்த அவர்கள் கருதிய கருத்து, வால்டாக்ஸ் ரோடு என்னும் பெயரில் இன்றும் வாழ்கின்றது.

இத்தகைய இடங்களின் வனப்பு யாது? காரை உதிர்ந்த இடத்தே செங்கல் முகங்காட்டும். கட்டியோன் மறைத்த வேலைத்திறன் அங்கே வெளிப்படும். பறவை இட்ட எச்சத்திலிருந்து அரசும் ஆலும் முளைத்துச் சுவரைத் தழுவி நிற்றல் கண்ணுக்கு இனிது. ஆனால் அவ்வேரே பருத்துச் சுண்ணச்சாந்தைப் பிளந்து சுவரை வீழ்த்துவது. ஆகவே பாழின் அழகு தன்னைத்தானே உண்ணும் அழகு, கவனிப்பாரின்றேல் நிலையாது.

நிலையாதொழிந்ததற்கும் உதாரணம் அண்மையிலேயே உண்டு. 1918-இல் வாடியா, திரு. வி. க. முதலியோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டது பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளரைக் கொண்டே. அம்மில் 1996-இல் மூடப்பட்டது. கட்டிடங்களுட் பல இடிந்தொழிந்தன. சங்கு ஒலிக்கு எழுந்து வேலைக்குச் சென்ற பெரியோரின் பேரர்க்கு, இன்று சுட்டிக்காட்டச் சுவரேனும் எஞ்சியது சிறிதே.

ஆதலின் நம் இளைஞர் இவ்விடங்களைச் சென்று காண்பாராக. உரியவரிடம் அனுமதி பெறுக. தளர்ந்த மாடியிலும் படியிலும் கால் வையற்க. சுவரிற் பெயர் கீறற்க. ஒரு செங்கல்லும் எடுத்து வரற்க. படம் பிடித்து, நாளும் இடமும் குறித்து வைக்க. வீட்டு முதியோரையும் உடன் அழைத்துச் செல்க. அவர்தம் வாய்மொழியோடு சேர்ந்த பொழுதே கல்லும் சுண்ணாம்பும் சரித்திரமாகும். கட்டிடம் இடியினும் மீண்டும் கட்டலாம். அதனை அறிந்தவர் நினைவு மறைந்தால் மீட்பார் இலர்.