அகவழி மாறிகள் கொண்ட இரும விளைவு மாதிரிகள்

அகவழி மாறிகள் கொண்ட இரும விளைவு மாதிரிகள் என்பவை, "ஆம்" அல்லது "இல்லை" என இரண்டே விடைகளைக் கொண்ட ஒரு விளைவை, அளக்கப்படாத காரணிகளுடன் தொடர்புடைய விளக்க மாறிகளைக் கொண்டு மதிப்பிடும் பொருளியலளவியல் முறைகள் ஆகும். இத்தகைய விளக்க மாறி அகவழி மாறி எனப்படும்.

சிக்கலின் தன்மை

தமிழ்நாட்டில் முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில், 1982 சூலை 1 அன்று ஊர்ப்புறங்களில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1984 இல் அது 10 முதல் 15 வயது வரையான மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. சத்துணவு உண்ட குழந்தை ஆறாம் வகுப்பைத் தொடர்ந்ததா என்பதை இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான உப்பூரில் ஆராய்வதாகக் கொள்வோம். வறிய குடும்பத்துக் குழந்தைகளே சத்துணவை மிகுதியாக உண்பர். அவர்களே படிப்பை இடையில் நிறுத்தவும் கூடும். வறுமை முழுமையாக அளக்கப்படாவிடில், சாதாரண புரோபிட் மாதிரி உணவின் பயனைக் குறைத்துக் காட்டும். உணவு படிப்பைக் கெடுப்பதாகக் கூடக் காட்டலாம். நல்ல திட்டம் ஒன்று பயனற்றதெனத் தவறாக முடிவு செய்யப்பட இது வழிவகுக்கும்.

கருவி மாறி

அகவழி மாறியைப் பாதித்து, விளைவை அதன் வழியாக மட்டுமே பாதிக்கும் மாறி கருவி மாறி எனப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், 1982க்கும் 1984க்கும் இடையில் இருந்த வயது வரம்பைக் கருவியாகக் கொள்ளலாம். ஆனால் வயதே படிப்பைப் பாதிப்பதால், அதனையும் மாதிரியில் தனியே சேர்க்க வேண்டும்.

முறைகள்

* இருபடிநிலை மீச்சிறு வர்க்க முறை: விளைவை நேர்கோட்டு நிகழ்தகவாகக் கொள்கிறது. எளியது, எனினும் கணிப்புகள் 0க்குக் கீழும் 1க்கு மேலும் செல்லக்கூடும்.
* கட்டுப்பாட்டுச் சார்பு முறை: டக்ளஸ் ரிவர்சு, குவாங் வூங் ஆகியோர் 1988 இல் வெளியிட்டனர். முதற்படியின் எச்சம் புரோபிட் மாதிரியில் கூடுதல் மாறியாகச் சேர்க்கப்படுகிறது. அவ்வெச்சத்தின் கெழு சுழியா என்று சோதிப்பதே அகவழித்தன்மைக்கான சோதனையும் ஆகும். வருமானம் போன்ற தொடர் மாறிகளுக்கே இது பொருந்தும்.
* இருமாறி புரோபிட்: அகவழி மாறியும் இருமமாக இருக்கையில் பயன்படுகிறது. இரு சமன்பாடுகளும் ஒருங்கே மதிப்பிடப்படுகின்றன. ஜேம்ஸ் ஹெக்மன் 1978 இல் இவ்வகை மாதிரிகளை ஆராய்ந்தார். வில்லியம் எவன்சு, இராபர்ட் சுவாப் ஆகியோர் 1995 இல் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் பயனை மதிப்பிட இதனைக் கையாண்டனர்.

சத்துணவு உண்டாரா என்பது இரும மாறி. எனவே அதற்குக் கட்டுப்பாட்டுச் சார்பு முறையைவிட இருமாறி புரோபிட்டே ஏற்றது.

குறைபாடுகள்

முதற்படியில் கணித்த மதிப்பை அகவழி மாறிக்குப் பதிலாகப் புரோபிட் மாதிரியில் இடுவது பரவலான தவறாகும். நேர்கோட்டு மாதிரியில் செல்லும் இவ்வழி, வளைகோட்டு மாதிரியில் பொதுவாகச் செல்லாது. இருமாறி புரோபிட் பிழைகள் இயல்நிலைப் பரவலைக் கொண்டவை என்ற எடுகோளைச் சார்ந்தது. கருவி மாறி இன்றியும் அது விடை தரும், ஆனால் அவ்விடை அவ்வெடுகோளை மட்டுமே நம்பி நிற்கும். கருவி மாறி தகுதியற்றதாயின் எம்முறையாலும் சரியான மதிப்பீடு கிடைக்காது.

இவற்றையும் பார்க்க

* கருவி மாறி
* புரோபிட் மாதிரி
* சத்துணவுத் திட்டம்