மார்பகப் புற்றுநோய் இரைப்பைக்கும் பரவுமா? தெரிந்துகொள்ளுங்கள்

மார்பகப் புற்றுநோய் உடலின் வேறு பகுதிக்குப் பரவினால் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய இடங்களுக்குத்தான் போகும். இரைப்பை, குடல் போன்ற செரிமானப் பாதைக்குப் பரவுவது அரிது.

அரிது என்பதால்தான் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. உங்கள் அம்மாவுக்கோ சித்திக்கோ முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் இதைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

எந்த வகை இப்படிப் பரவும்?

மார்பகப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அதிகம் காணப்படுவது பால் நாளங்களில் தொடங்கும் வகை. பால் சுரக்கும் பகுதியில் தொடங்குவது 'லோபுலர்' வகை. பரவக்கூடிய மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு இந்த வகையைச் சேர்ந்தது. செரிமானப் பாதைக்குப் பரவுவது பெரும்பாலும் இதுதான்.

செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்க 'ஈ-கேட்ஹெரின்' என்ற புரதம் உதவுகிறது. லோபுலர் வகையில் பெரும்பாலும் அது இருக்காது. அதனால் புற்றுநோய்ச் செல்கள் கட்டியாகத் திரளாமல், வரிசை பிடித்த எறும்புகள் மாதிரி திசுக்களுக்குள் ஊர்ந்து போகும். மேமோகிராம் படத்தில் இந்த வகையைக் கண்டுபிடிப்பது சில நேரம் கடினமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

அறிகுறிகள் எப்படி இருக்கும்?

சாதாரண வயிற்றுக் கோளாறு மாதிரியேதான் இருக்கும். அங்கேதான் சிக்கல்.

- கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுவது
- பசியின்மை, குமட்டல், வாந்தி
- மேல்வயிற்று வலி, வயிறு உப்புவது
- காரணமில்லாமல் எடை குறைவது
- மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், மலத்தில் ரத்தம்

"கேஸ்ட்ரிக்தான், மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று நாம் சொல்வது வழக்கம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மார்பகப் புற்றுநோய் குணமாகிப் பல ஆண்டுகள் கழித்தும், சிலருக்குப் 10 ஆண்டுகளுக்கு மேலாகியும், இப்படிப் பரவியது தெரியவரலாம். அதற்குள் பழைய நோயை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் எண்டோஸ்கோப்பி. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாகச் செலுத்தி இரைப்பையைப் பார்ப்பார்கள். ஆனால் லோபுலர் செல்கள் சுவரின் உள் அடுக்குகளில் பரவுவதால் மேற்பரப்பு இயல்பாகவே தெரியலாம். மேலோட்டமாக எடுத்த திசுவில் ஒன்றும் தென்படாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் ஆழமாகவும் பல இடங்களிலிருந்தும் திசு எடுக்கவேண்டியிருக்கும்.

திசு கிடைத்தாலும் வேலை முடியவில்லை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது இந்தச் செல்கள் இரைப்பையிலேயே தோன்றும் ஒரு வகைப் புற்றுநோயைப் போலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறியத் திசுவுக்குச் சிறப்புச் சாயம் ஏற்றிச் சோதிப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, 'கேட்டா3' போன்ற அடையாளங்கள் தெரிந்தால் மார்பகத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே அடையாளத்தை மட்டும் நம்பாமல், பலவற்றைச் சேர்த்துப் பார்த்து, பழைய மார்பகத் திசு மாதிரியோடும் ஒப்பிட்டு முடிவெடுப்பார்கள்.

எங்கே தொடங்கியது என்பது ஏன் முக்கியம்?

சிகிச்சையே மாறிவிடும் என்பதால்தான். இரைப்பைக்குப் பரவினாலும் அது மார்பகப் புற்றுநோய்தான். இரைப்பைப் புற்றுநோய் ஆகிவிடாது. இரைப்பையில் தோன்றிய புற்றுநோய் பரவாமல் இருந்தால் அறுவை சிகிச்சை செய்து இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றலாம். மார்பகத்திலிருந்து பரவியதற்கு உடல் முழுவதும் வேலைசெய்யும் மருந்துகளே முக்கியம். ஹார்மோன் மாத்திரைகள், இலக்கு மருந்துகள், கீமோதெரப்பி ஆகியவை அதில் அடங்கும். அடைப்பு, ரத்தக்கசிவு போன்றவற்றுக்கே பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படும்.

இந்த நிலையில் நோயை முழுமையாகக் குணப்படுத்துவது கடினம். ஆனால் சரியான மருந்து கிடைத்தால் பலருக்கு அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மருத்துவரிடம் அம்மாவுக்காக ஆங்கிலத்தில் பேசுவது பல வீடுகளில் நீங்கள்தான். அப்போது இவற்றைச் சொல்ல மறந்துடாதீங்க:

- எந்த ஆண்டு மார்பகப் புற்றுநோய் வந்தது, எந்த வகை, என்ன சிகிச்சை
- வயிற்றுக் கோளாறு எப்போது தொடங்கியது, எடை எவ்வளவு குறைந்தது
- எண்டோஸ்கோப்பி செய்தால், பழைய நோயைப் பற்றித் திசுவைச் சோதிக்கும் நிபுணருக்கும் தெரிவிக்கப்படுமா என்று கேளுங்கள்

பழைய மருத்துவ அறிக்கைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். மேமோகிராம் மார்பகத்தை மட்டுமே காட்டும். அது சரியாக இருந்தாலும் வயிற்றுக் கோளாறு சில வாரங்களுக்கு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வயிற்றுவலி வந்தாலே புற்றுநோய் என்று பயப்படவேண்டாம். "முன்னாடி மார்பகப் புற்றுநோய் இருந்துச்சு" என்ற ஒரு வரியை மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.