புது வருசத்துக்கு எந்தப் பாட்டு?

டிசம்பர் பிறந்துட்டா எங்க காலனிப் பசங்க ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. 31ஆம் தேதி ராத்திரி அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்துல பந்தல் போட்டு, பறையடிச்சு, பாட்டுப் பாடிப் புது வருசத்தை வரவேற்கிறது கொஞ்ச காலமா நடக்குது. போன தடவை மைக்செட்டுக்கு அனுமதி கேட்டுப் போனபோது காவல் நிலையத்தில் புதுசாக ஒன்று சொன்னார்கள். "என்னென்ன பாட்டுன்னு லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டுப் போங்க." ஊர்த்தெருவில் திருவிழா என்றால் மூணு நாள் குழாய் ரேடியோ அலறும். அவங்ககிட்ட யாரும் லிஸ்ட் கேட்டதில்லை.

லிஸ்ட் எழுத உட்கார்ந்தோம். "அண்ணே, எழவுப் பாட்டே வேணாம். வருசம் பொறக்குது, நம்பிக்கையா நாலு பாட்டு எழுதுங்க" என்றான் ஒருவன். திண்ணையில் இருந்த ஆயா சும்மா இருக்கவில்லை. "வெண்மணியில வெந்தவங்களுக்குப் பூப் போட்டு முழுசா ஒரு வாரம் ஆவல. அதுக்குள்ள இன்னாடா ஆட்டம்?"

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25 இரவு. கூலி கேட்டதும் சங்கம் வைத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த நாளுக்கு எட்டாம் நாள் சனவரி 1. ஆகவே நமக்குப் புது வருசம் சாவு வீட்டு வாசல் வழியாகத்தான் வருகிறது. துக்கத்தைத் துணி போட்டு மூடிவிட்டு நம்பிக்கையைப் பாட முடியாது. துக்கத்திலேயே உட்கார்ந்து கிடக்கவும் முடியாது.

இந்த இக்கட்டு நமக்கு மட்டும் வந்ததல்ல. இதே டிசம்பர் 31 இரவில், இதே கேள்வியை உயிரோடு உரசிப் பார்த்த இன்னொரு மக்கள் கூட்டம் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள். அன்றைக்குப் பசங்களிடம் அவர்கள் கதையைத்தான் சொன்னேன்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளைப் பண்ணைக்காரனுக்கு சனவரி 1 விருந்து நாள். கறுப்பு அடிமைக்கு அது ஆள் மாற்றும் நாள். அடிமைகளை வருசக் குத்தகைக்கு விடுகிற வழக்கம் அங்கே இருந்தது. சனவரி 1இல் தொடங்கும் குத்தகை, கிறிஸ்துமசோடு முடியும். இடையில் ஒரு வாரம் ஓய்வு. மறுபடியும் சனவரி 1 காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏலத் திடலில் போய் நிற்க வேண்டும். கடன்பட்ட எசமான் ஆளை விற்றுக் கணக்குத் தீர்ப்பதும் அதே நாளில்தான். புருசன் ஒரு பண்ணைக்கு, பொண்டாட்டி இன்னொரு பண்ணைக்கு, பிள்ளை எங்கேயோ. நெஞ்சு உடையும் நாள் என்றே அதற்குப் பெயர் வந்தது.

அடிமையாக இருந்து தப்பி வந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் தன் வாழ்க்கையை எழுதி 1861இல் வெளியிட்டார். அதில் அடிமைகளின் புத்தாண்டைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒரு தாய் ஏழு பிள்ளைகளை ஏல மேடைக்குக் கூட்டிப் போவதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். பிள்ளைகளை அடிமை வியாபாரி வாங்கிக்கொள்கிறான். தாயை உள்ளூர்க்காரன் ஒருவன் வாங்குகிறான். பொழுது சாய்வதற்குள் ஏழு பிள்ளைகளும் போய்விட்டன. பண்ணையாள் முறையில் வருசக் கணக்குப் பார்த்த நாளின் பயத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது அந்நியக் கதை அல்ல.

அந்த மக்களும் பாடினார்கள். மோசே, எகிப்து, யோர்தான் நதி என்று பைபிளில் இருந்தே பாடினார்கள். எசமான் காதுக்கு அது பரலோகப் பாட்டு. பாடியவர்களில் பலருக்கு அது இந்தப் பூமியில் வரப்போகிற விடுதலை. எசமானுக்கும் ஒரு நாள் புரிந்துபோனது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் ஊரில், சீக்கிரம் விடுதலை வரும் என்று பொருள்பட ஒரு பாட்டைப் பாடியதற்காகக் கறுப்பின மக்களைச் சிறையில் போட்டார்கள். கறுப்பர் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய வெள்ளை அதிகாரி தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் இதை எழுதி வைத்திருக்கிறார். பாட்டில் வரும் ஆண்டவர் என்பது வடக்குப் படைதான் என்று எசமான்கள் நினைத்துவிட்டார்களாம். படையில் மேளம் அடித்த ஒரு சிறுவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவருக்கு இப்படி விளக்கினான். பாட்டைப் பார்த்து அரசு பயப்படுகிறது என்றால் அந்தப் பாட்டில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

1862 செப்டம்பர் 22இல் ஜனாதிபதி லிங்கன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கலகம் செய்யும் மாநிலங்கள் திரும்பி வராவிட்டால், 1863 சனவரி 1 முதல் அங்குள்ள அடிமைகள் சுதந்திர மனிதர்கள் என்றது அது. அந்த டிசம்பர் 31 இரவு கறுப்பின மக்கள் கோயில்களில் கூடி விழித்திருந்தார்கள். வருசக் கடைசியில் விழித்திருந்து செபிக்கிற பழக்கம் அதற்கு முன்பே உண்டு. மொரேவியரும் வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்த வழக்கம் அது. நம் சேரிக் கோயில்களில் வருசக் கடைசி ராத்திரி மணி அடிக்கிறதே, அதற்கும் வேர் அங்கேதான். ஆனால் 1862இல் அந்த விழிப்புக்கு வேறு பொருள் வந்துவிட்டது. பிள்ளையை விற்கிற நாளாகத் தெரிந்த விடியலை, விற்க முடியாத நாளாக வரும் என்று காத்திருந்தார்கள்.

அறிவிப்பு முழுசாக ஒன்றும் தரவில்லை. வடக்கோடு நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. வடக்குப் படை பிடித்திருந்த லூசியானா, விர்ஜீனியாவின் சில பகுதிகளுக்கும் விலக்கு. அடிமைமுறை நாடு முழுவதும் சட்டப்படி ஒழிய 1865 டிசம்பர் வரை ஆனது. இது பாஸ்டன் நகரில் தந்திக்காகக் காத்திருந்த பிரெடரிக் டக்ளசுக்குத் தெரியாதா? தெரியும். ராத்திரி எட்டு மணி, ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருக்க, வராமலே போய்விடுமோ என்று கூட்டம் தவித்ததை அவரே எழுதியிருக்கிறார். தந்தி வந்ததும் ஒரு கறுப்பினப் போதகர் பாட்டை எடுக்க, கூட்டமே சேர்ந்து பாடியது. கையில் வந்தது அரைக் காகிதம்தான். மீதியை வாங்குவதற்கான தெம்பைப் பாட்டில் இருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அதே நாளில் நடந்த இரண்டு கூட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்டன் இசை மண்டபத்தில் வெள்ளை அறிவாளிகள் ஏற்பாடு செய்த கொண்டாட்டம். பீத்தோவன் இசை உண்டு, எமர்சன் தாம் எழுதிய கவிதையை வாசித்தார். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் எதைப் பாடுவது என்று விடுதலை பெற்றவர்களைக் கேட்டு முடிவு செய்த நிகழ்ச்சி அல்ல அது.

மற்றது தென் கரோலினாவில், போர்ட் ராயல் தீவில், சாக்ஸ்டன் முகாமில். ஹிக்கின்சனின் படைப்பிரிவு இருந்த இடம். முன்னால் ஒரு வெள்ளை முதலாளியின் பண்ணை. ஓக் மரத்தடியில் மேடை. பத்து மாடுகளை முழுசாகச் சுட்டுப் பெரிய விருந்து. அங்கேயும் நிகழ்ச்சி நிரல் உண்டு. செபம், அறிவிப்பு வாசிப்பு, கொடி வழங்கல். கொடியை வாங்கிய ஹிக்கின்சன் பேச வாயெடுக்கும் முன், நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினக் கிழவர் நடுங்கும் குரலில் பாட ஆரம்பித்தார். இரண்டு பெண்கள் கூடச் சேர்ந்தார்கள். வெள்ளையர்கள் தங்கள் நாட்டைப் போற்றிப் பாடி வந்த, 'என் நாடு' என்று தொடங்கும் பாட்டு. மேடையில் இருந்த சில வெள்ளையர்களும் சேர்ந்து பாடப் போனார்கள். ஹிக்கின்சன் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். அந்தப் பாட்டு அந்த நேரத்தில் யாருடையது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

அது விடுதலைக்காக எழுதப்பட்ட பாட்டல்ல. 1831இல் ஒரு வெள்ளையர் எழுதியது. எசமான் வீட்டுப் பிள்ளைகள் பாடிய பாட்டு. 'என்' என்ற சொல்லை அதுவரை அந்தக் கிழவரால் எதன்மேலும் வைக்க முடிந்ததில்லை. தன் உடம்பின்மேலும் இல்லை, தன் பிள்ளையின்மேலும் இல்லை. அன்றைக்கு அதை ஒரு நாட்டின்மேலேயே வைத்தார். கேட்டவர்கள் அழுதார்கள். நம்பிக்கைப் பாட்டு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்தப் போராட்டத்தை இங்கேயும் கவனித்தார்கள். மகாத்மா புலே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நம் புத்தாண்டு ஒன்றும் மராட்டிய மண்ணில் பிறந்தது. 1818 சனவரி 1, கோரேகாவ். மகர் சிப்பாய்கள் நிறைந்த கம்பெனிப் படை பேஷ்வா படையை எதிர்த்து நின்ற நாள். வெற்றி வெள்ளைக்காரனுக்கு என்பது நிசம். ஆனால் கழுத்தில் கலயத்தைக் கட்டி, இடுப்பில் துடைப்பத்தைக் கட்டி நடக்கவிட்ட ஆட்சி என்றுதான் பேஷ்வா ஆட்சியை மகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1927 சனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்த நினைவுத் தூணுக்குப் போனார். அன்று முதல் அது நம் நாள்.

அதன் 200ஆம் ஆண்டுக்காக 2017 டிசம்பர் 31இல், புனேயில் பேஷ்வாவின் சனிவார் வாடா முன்பு எல்கார் பரிஷத் கூடியது. கபீர் கலா மஞ்ச் தோழர்கள் பாடினார்கள். மறுநாள் கோரேகாவில் கல்லெறியும் தீவைப்பும் நடந்தன. அதற்குப் பின் வந்த புகாரில் பேச்சோடு பாட்டும் குற்றமானது. 2020 செப்டம்பரில் அந்தக் குழுவில் மூன்று பேர் கைதானார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் ஒரு பெண்ணுக்கு ஜாமீன் மறுத்த மும்பை உயர்நீதிமன்றம், மேடையில் ஒலித்த சொற்களையும் எடுத்து வைத்துப் பேசியது. ஜார்ஜ்டவுன் சிறைக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய 160 வருசம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பசங்க கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒருவன், "அப்போ லிஸ்ட்ல இன்னா எழுதறது?" என்றான்.

எழுதினோம். முதலில் ஒப்பாரி. வெண்மணியில் வெந்தவர்களுக்கு ஆயா பாடுவார். நம்பிக்கை அழுகையைத் தாண்டிக் குதித்து வரக்கூடாது, அழுதுவிட்டு எழுந்து வர வேண்டும். அடுத்தது பறை. சாவுக்கு மட்டும் அடி என்று நம்மிடம் தள்ளிவிட்டதை ஒரு பிறப்புக்கு அடிக்கிறோம். அதற்குப் பிறகு நடவு வேலைக்குப் போகிற பெண்கள் தாங்களே கட்டிய பாட்டு. பிறகு அண்ணல் பாட்டு. பசங்க கேட்ட சினிமாப் பாட்டில் ரெண்டும் சேர்ந்தது. ஆடுகிற வயசுக்காரன் ஆடட்டும். ஆடுவதற்கும் நமக்கு உரிமை இல்லாமல்தான் இருந்தது.

ஆறாவது எண்ணைப் போட்டு, அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டோம். சாக்ஸ்டன் முகாமின் கிழவர் யாரிடமும் லிஸ்ட் கொடுத்துவிட்டுப் பாடவில்லை. நம் கூட்டத்திலும் அப்படி ஒருத்தர் எழுந்திருக்கலாம். அவருக்கு இடம் வேண்டும்.

காவல் நிலையத்தில் தாளை வாங்கிப் பார்த்தவர், "ஆறாவது எங்கய்யா?" என்றார்.

"அது ராத்திரிதான் தெரியும் சார்" என்றோம்.