தடுப்பதற்கு ஒன்றுமில்லாத தடுப்பூசி

1923-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வால்டர் டேண்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் மூளையில் வலது அரைக்கோளம் மொத்தத்தையும் வெட்டி எடுத்தார். நோய், க்ளையோமா என்கிற மூளைக்கட்டி. கட்டியை மட்டும் எடுத்தால் திரும்பி வருகிறது. கட்டி இருக்கும் பாதியையே எடுத்துவிட்டால்? இதுதான் அவருடைய கணக்கு. ஏற்கெனவே இடது கையும் காலும் செயலிழந்துபோனவர்களைத்தான் இதற்குத் தேர்ந்தெடுத்தார். ஐந்து பேருக்கு இப்படிச் செய்ததாக 1928-ல் கட்டுரை எழுதினார். ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதன் பிறகு கட்டி திரும்ப வந்தது.

பாதி மூளையை எடுத்தும் போகாத நோய் எப்படிப்பட்டது? வயலில் கோரை முளைத்தால் மேலே இருப்பதைப் பிடுங்குவதில் பயனில்லை என்று விவசாயிகளுக்குத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் எங்கெங்கோ ஓடியிருக்கும். க்ளையோமாக்களிலேயே மோசமான கிளியோபிளாஸ்டோமா அப்படித்தான். ஸ்கேனில் உருண்டையாக ஒரு கட்டி தெரியும். அதன் செல்களோ நல்ல மூளைக்குள் வெகுதூரம் போய்விட்டிருக்கும்.

டேண்டிக்கு 82 ஆண்டுகள் கழித்து, 2005-ல், ரோஜர் ஸ்டூப் தலைமையிலான குழு ஒரு பெரிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். கூடவே டெமோசோலமைட் மாத்திரையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு 14.6 மாதம். இரண்டரை மாதம் அதிகம். உலகம் முழுக்க இன்றும் இதுதான் அடிப்படைச் சிகிச்சை. இரண்டரை மாதம் என்பதைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு பிள்ளையின் கல்யாணமோ பேரக்குழந்தையின் பிறப்போ அதற்குள் வந்துவிடலாம். ஆனால் மூளைப் புற்றுக்கு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி என்று செய்தி வந்தால் ஏன் இத்தனை பேர் ஓடிப்போய் வாசிக்கிறார்கள் என்பதற்கும் இந்த எண்தான் பதில்.

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல். தமிழில் தடுப்பூசி என்றால் வருவதற்கு முன் தடுப்பது. இங்கே நோய் ஏற்கெனவே வந்துவிட்டது, தடுக்க ஒன்றும் மிச்சமில்லை. 'அம்மை குத்துவது' என்று நம் தாத்தா பாட்டி காலத்தில் சொன்னார்களே, அதில் தடுப்பு என்ற சொல்லே கிடையாது. இங்கேயும் ஊசியின் வேலை, எதிரி யார் என்று உடம்புக்குக் காட்டிக்கொடுப்பது மட்டும்தான். தாக்க வேண்டியது உடம்பு.

சரி, மூளைக்குள் அந்தப் படை போகுமா? போகாது என்றுதான் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1948-ல் பீட்டர் மெடவார் முயல்களில் செய்த சோதனை. ஒரு முயலின் தோலை இன்னொரு முயலின் உடம்பில் ஒட்டினால் சில நாட்களில் அது நிராகரிக்கப்படும். மூளைக்குள் வைத்தால் அப்படி நடக்கவில்லை. அங்கே நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையில்லை என்ற முடிவு பாடப்புத்தகங்களில் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் மெடவாரின் கட்டுரையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதே தோலை முதலில் முயலின் மார்பில் ஒட்டி, உடம்பு அதைப் 'படித்த' பிறகு மூளைக்குள் வைத்தால், அங்கேயும் தாக்குதல் நடந்தது. அதாவது மூளைக்குள் இருந்துகொண்டு படையைக் கிளப்பிவிடுவதுதான் கஷ்டம். வெளியே பயிற்சி பெற்ற படை உள்ளே போவதற்குத் தடை இல்லை. இன்றைய தடுப்பூசியின் தர்க்கம் மொத்தமும் அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது. நமக்கு முதல் பாதிதான் ஞாபகம் இருந்தது.

இன்னொரு மறதியும் உண்டு. மூளையுறையில் நிணநீர் நாளங்கள் இருப்பதாக இத்தாலிய உடற்கூறியலாளர் பாவ்லோ மஸ்கானி 1787-லேயே எழுதினார். யாரும் நம்பவில்லை. 2015-ல் அமெரிக்காவிலும் ஃபின்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எலிகளில் அவற்றைக் கண்டுபிடித்தன. மூளைக்கும் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் போக்குவரத்து உண்டு என்பது உறுதியானது.

இனி எம்.ஆர்.என்.ஏ. பக்கம் வருவோம். புரதம் செய்வதற்கான குறிப்பை எடுத்துப்போகும் இந்த மூலக்கூறு 1961-ல் அடையாளம் காணப்பட்டது. 1990-ல் விஸ்கான்சினில் ஜான் வுல்ஃப் குழு இதை எலியின் தசையில் ஊசியாகப் போட்டது. தசை அந்தப் புரதத்தைச் செய்தது. புற்றுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை கொரோனாவுக்கு ரொம்ப முந்தையது. 1996-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் எலி கில்போவாவின் குழு, கட்டியிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை டென்ட்ரிடிக் செல்களுக்குள் செலுத்தி, அந்தச் செல்களை எலிகளுக்கே தடுப்பூசியாகக் கொடுத்தது. எதிரியின் அடையாளத்தைப் படைக்கு எடுத்துக்காட்டும் ஆசிரியர்கள் இந்த டென்ட்ரிடிக் செல்கள்.

ஒரு தொந்தரவு மட்டும் தீரவில்லை. வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வைக் கண்டாலே உடம்பு 'வைரஸ்!' என்று அலறும். அழற்சி வரும், புரதம் செய்யும் வேலை படுத்துவிடும். கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-ல் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். யூரிடின் என்ற எழுத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் மாறுபட்ட சூடோயூரிடினை வைத்தால் அலறல் அடங்குகிறது. கொரோனா தடுப்பூசிகள் இதன்மேல்தான் நின்றன. 2023-ல் நோபல் பரிசும் வந்தது.

எங்கள் மென்பொருள் தொழிலில் பழைய நக்கல் ஒன்று உண்டு: அது பக் இல்லப்பா, ஃபீச்சர். மூளைப் புற்றின் கதையில் அது நிஜமாகவே நடந்தது. கரிக்கோ அடக்கிய அதே அலறல் இங்கே தேவைப்பட்டது. கிளியோபிளாஸ்டோமா ஒரு 'குளிர்ந்த' கட்டி. சுற்றியுள்ள எதிர்ப்புச் செல்களைத் தூங்கவைத்துவிடும். அங்கே அடையாளத்தை மட்டும் மெதுவாகச் சொன்னால் போதாது. யாராவது கத்த வேண்டும்.

எவ்வளவு கத்த வேண்டும் என்பதற்கு 2015-ல் ஒரு துப்பு கிடைத்தது. டுவேன் மிட்செல், ஜான் சாம்ப்சன் ஆகியோரின் குழு 12 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு ஆர்.என்.ஏ. ஏற்றிய டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி கொடுத்தது. அதற்கு முன் பாதிப்பேருக்கு அதே இடத்தில் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசியும் போட்டார்கள். ஆமாம், துருப்பிடித்த ஆணி குத்தினால் போட்டுக்கொள்கிற டி.டி. ஊசிதான். அந்தப் பக்கத்தில் அழற்சி கிளம்பியதும் டென்ட்ரிடிக் செல்கள் நிணநீர் முடிச்சுக்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்தன. அந்த நோயாளிகள் மற்றவர்களைவிடக் கணிசமாக அதிக காலம் வாழ்ந்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டே ஓர் அடி விழுந்தது. ரிண்டோபெபிமுட் என்ற தடுப்பூசி கட்டியின் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்தது. இது எம்.ஆர்.என்.ஏ. இல்லை, பெப்டைடு வகை. 745 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. ஒரே கட்டிக்குள் பலவகைச் செல்கள் இருக்கின்றன. ஓர் அடையாளத்தைக் குறிவைத்தால் அது இல்லாத செல்கள் வளர்ந்துவிடுகின்றன.

இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துத்தான் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் எலியாஸ் சயூரும் மிட்செலும் புதிய முறையை உருவாக்கினார்கள். அறுவையில் எடுத்த கட்டியிலிருந்தே ஆர்.என்.ஏ.வைப் பிரித்துப் பெருக்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய கட்டியின் பல அடையாளங்கள் கிடைக்கின்றன. அதைக் கொழுப்பில் சுற்றும்போது தனித்தனி நுண்துகளாக விடாமல், வெங்காயம்போல அடுக்கடுக்காக, கொத்துக்கொத்தாகச் சேர்த்து ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். உடம்புக்கு இது பெரிய வைரஸ் தாக்குதல்போலத் தெரிகிறது. அலறுகிறது.

முதலில் எலிகள். பிறகு வீடுகளில் வளர்ந்த, தானாகவே மூளைக்கட்டி வந்த 10 நாய்கள். இந்த நோய் வந்த நாய் வழக்கமாக 30 முதல் 60 நாள் வாழும். இவற்றின் இடைநிலை ஆயுள் 139 நாள். அதன்பின் நான்கு மனிதர்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டது என்று 2024 மே மாத 'செல்' இதழில் முடிவுகள் வெளிவந்தன.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. மண்டையோடு மூடிய பெட்டி. காலில் அழற்சி வந்தால் வீங்கும், மூளையில் வீங்க இடமில்லை. அதோடு, படை கட்டியைத் தாக்கும்போது அந்த இடம் வீங்குவதால் ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோலவே தெரியலாம். மருந்து வேலை செய்கிறதா, நோய் முற்றுகிறதா? படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கு பேர் என்ற எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? டென்ட்ரிடிக் செல்லைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மனை நினைத்துக்கொள்கிறேன். 2007-ல் அவருக்குக் கணையப் புற்று வந்தது. தான் கண்டுபிடித்த செல்களைக் கொண்டே, சொந்தக் கட்டியின் ஆர்.என்.ஏ. ஏற்றியது உட்பட, பல சோதனைத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டார். கூடவே அறுவையும் கீமோவும். நான்கரை ஆண்டு வாழ்ந்தார். 2011 செப்டம்பர் 30-ல் இறந்தார். மூன்று நாள் கழித்து, இறந்தது தெரியாமலே, நோபல் பரிசு அறிவித்தார்கள். அந்த நான்கரை ஆண்டு எதனால் வந்தது? தடுப்பூசியாலா, கீமோவாலா, அதிர்ஷ்டத்தாலா? ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்லவே முடியாது. உலகத்திலேயே அந்தச் செல்லை அதிகம் அறிந்தவரின் உடம்பாக இருந்தாலும்.

நான்கு பேரை வைத்தும் முடியாது. அந்த நான்கு பேர் காட்டியது வேறு: குளிர்ந்த கட்டியைச் சூடாக்க முடியும், அதுவும் இரண்டு நாளில். ஆயுள் நீளுமா என்பதற்குப் பெரிய சோதனைதான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த கட்டமாகத் திட்டமிட்டதே பெரியவர்களும் குழந்தைகளுமாக 24 பேருக்குத்தான்.

ஆகவே அடுத்த முறை வாட்சப்பில் 'மூளைப் புற்றுக்குத் தடுப்பூசி ரெடி' என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை மாதம் கூடியது? பதில் இல்லையென்றால் அதை நோயாளியின் குடும்பத்துக்கு ஃபார்வேர்ட் செய்யாதீர்கள். அவர்கள் 14.6 என்ற எண்ணை ஏற்கெனவே தேடிப் பார்த்திருப்பார்கள்.