ஏறுதோல் (பனிச்சறுக்கு)

ஏறுதோல் என்பது பனிச்சறுக்குப் பலகைகளை அணிந்தபடியே மலைச்சரிவில் மேல்நோக்கி நடப்பதற்காக, அவற்றின் அடிப்பரப்பில் தற்காலிகமாக ஒட்டப்படும் நீண்ட பட்டை ஆகும். கம்பிவட ஊர்திகள் இல்லாத மலைகளில் மேற்கொள்ளப்படும் பனிச்சறுக்குப் பயணங்களுக்கு இது இன்றியமையாதது. உச்சியை அடைந்ததும் தோல்களை உரித்தெடுத்துவிட்டு, வெறும் பலகைகளில் கீழ்நோக்கிச் சறுக்குவர். சறுக்கலை எளிதாக்கப் பலகையில் மெழுகு பூசப்படுகிறது. இம்மெழுகு மேற்பரப்பில் மிஞ்சியிருந்தால் ஏறுதோல் ஒட்டாமல் கழன்றுவிடும்.

பெயர்

தொடக்க காலத்தில் கடல்நாயின் (சீல்) தோலே இதற்குப் பயன்பட்டது. பிரெஞ்சு மொழியில் இன்றும் இது 'கடல்நாய்த் தோல்' என்னும் பொருள்படும் 'போ த ஃபோக்' என்ற பெயராலேயே அழைக்கப்படுகிறது. பழைய தோல்கள் வார்களால் பலகையுடன் கட்டப்பட்டன. தற்காலத் தோல்கள் பசையால் ஒட்டப்படுகின்றன.

அமைப்பு

ஏறுதோலின் ஒரு பக்கத்தில் பின்னோக்கிச் சாய்ந்த குறுமயிர்கள் உள்ளன. பலகை முன்னே நகரும்போது இவை படிந்து வழிவிடும். பின்னே வழுக்கும்போது நிமிர்ந்து பனியைப் பற்றிக்கொள்ளும். மயிர்கள் அங்கோரா ஆட்டின் மயிரான மோஹேர், நைலான் அல்லது இரண்டின் கலவையால் ஆனவை. மோஹேர் நன்கு வழுக்கும். நைலான் நீண்ட காலம் உழைக்கும்.

மறுபக்கத்தில் உலராத பசை உள்ளது. இப்பசை பல மணி நேர நடையைத் தாங்க வேண்டும். அதே வேளையில் கையால் உரிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இதனால் தோலின் இரு முனைகளிலும் கொக்கிகள் அமைக்கப்படுவதுண்டு.

மெழுகும் பசையும்

பலகையின் அடிப்பரப்பு மிகுந்த மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது. சூடாகப் பூசப்படும் மெழுகில் ஒரு பகுதி இந்நெகிழிக்குள் ஊறுகிறது. எஞ்சியது மேலே படலமாகப் படிகிறது. பசை இப்படலத்துடன் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் படலம் பலகையுடன் உறுதியாகப் பிணைந்திருப்பதில்லை. ஆகவே தோலை இழுக்கும்போது மெழுகு பெயர்ந்து பசையின்மேல் தங்கிவிடுகிறது. அடுத்த முறை ஒட்டும்போது பசையின் பிடிப்பு மேலும் குறைகிறது.

சறுக்கலுக்கு உதவுவது நெகிழிக்குள் ஊறிய மெழுகே. மேலே தடித்து நிற்கும் படலம் வேகத்தைக் குறைக்கவே செய்யும். எனவே, நன்கு சுரண்டித் துலக்கிய பலகை சறுக்கலுக்கும் ஏற்றத்திற்கும் ஒருங்கே ஏற்றதாகும்.

செய்முறை

1. இஸ்திரிப் பெட்டியை ஒத்த கருவியால் மெழுகை உருக்கிச் சீராகப் பரப்ப வேண்டும்.
2. பலகை அறை வெப்பநிலைக்கு முழுமையாகக் குளிரும்வரை காத்திருக்க வேண்டும்.
3. நெகிழிச் சுரண்டியால், மெழுகுச் சீவல் வராத அளவுக்குச் சுரண்ட வேண்டும்.
4. முதலில் பித்தளைத் தூரிகையாலும் பின்னர் நைலான் தூரிகையாலும் முனையிலிருந்து வால்வரை துலக்க வேண்டும்.
5. துகள்களைத் துணியால் துடைத்து, ஓரங்களிலும் இரு முனைகளிலும் மெழுகு தங்கியுள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.
6. புறப்படுவதற்கு முன்பே, கதகதப்பான அறையில் தோலை அழுத்தி ஒட்டுவது நல்லது.

மலையில் ஏற்படும் விளைவுகள்

பசையின் பிடிப்பு குளிரில் குறைகிறது. பலகைக்கும் தோலுக்கும் இடையே நுழையும் பனித்தூளும் ஈரமும் அதனை மேலும் குறைக்கின்றன. வீட்டில் ஒட்டிய தோல், மலையில் இரண்டாம் முறை ஒட்டும்போது கழலுவது இதனாலேயே. கழலுதல் பெரும்பாலும் வால்முனையில் தொடங்குகிறது. செங்குத்தான சரிவில் தோல் கழன்றால் பலகை பின்னோக்கி வழுக்கும். பலகையைக் கழற்றிவிட்டு நடந்தால் கால்கள் ஆழ்ந்த பனியில் புதையும். பிரான்சின் சமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை பனியாறுகளைக் கடந்து பல நாட்கள் நீளும் 'ஓத் ரூட்' போன்ற பயணங்களில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சறுக்கும்போது தோல்களை மேலங்கிக்குள் வைத்து உடற்சூட்டில் காப்பதும், மீண்டும் ஒட்டுமுன் பலகையின் ஈரத்தைத் துடைப்பதும் வழக்கம். அவசர காலத்தில் கழன்ற தோலைச் சுற்றிக் கட்டுவதற்காக இரப்பர் வார்களும் எடுத்துச் செல்லப்படுகின்றன.

பழுது நீக்கல்

மெழுகு படிந்த பழைய வகைப் பசையின்மேல் பழுப்புத் தாளை விரித்து மிதமாகச் சூடேற்றினால், மெழுகும் பசையும் உருகித் தாளில் ஏறும். அதன் பின் புதிய பசையைப் பூசலாம். மயிர்ப் பக்கத்தில் பனி கட்டியாக ஒட்டுவதைத் தடுக்கத் தேய்க்கப்படும் மெழுகு வேறு வகையானது. அதுவும் பசைப் பக்கத்தில் படக்கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

பனிச்சறுக்கு
பாலிஎத்திலீன்
பனியாறு