தரியா தௌலத் பாக் போர்ச் சுவரோவியம்

தரியா தௌலத் பாக், கர்நாடகத்தின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டைக்கு வெளியே காவிரிக்கரைத் தோட்டமொன்றில் திப்பு சுல்தான் 1784-ல் கட்டிய கோடைக்கால மாளிகை. அதன் மேற்குச் சுவரில் ஆங்கிலேயர் தோற்ற புள்ளலூர்ப் போரின் காட்சி பெரிய அளவில் தீட்டப்பட்டுள்ளது. இன்று அங்கே காணப்படுவது திப்புவின் ஓவியர்கள் இட்ட வண்ணம் அல்ல. ஓவியம் இருமுறை புதுப்பிக்கப்பட்டது. இருமுறையும் அதற்கு ஆணையிட்டவர்கள் ஆங்கிலேயர்களே.

புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள சிற்றூர். முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுவதால், பல்லவர் வரலாறு படிப்பவர்களுக்கும் இவ்வூர்ப் பெயர் தெரிந்ததே. இரண்டாம் மைசூர்ப் போரின்போது 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படையை ஐதர் அலியும் திப்புவும் இங்கே சூழ்ந்து அழித்தனர். காஞ்சிபுரத்தில் பெரும்படையுடன் இருந்த ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் உதவிக்கு வரவில்லை. செய்தி அறிந்ததும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். பெய்லி சிறைப்பட்டு 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார்.

ஓவியத்தில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுர வியூகத்தில் நெருக்கியடித்து நிற்கின்றனர். நடுவே பெய்லி பல்லக்கில் இருக்கிறார். அருகே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. மைசூர்க் குதிரைப்படை பாய்ந்து நெருங்குகிறது. பிரெஞ்சு அதிகாரி லாலி தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். யானை மீதிருக்கும் திப்புவோ தோட்டத்தில் உலவுபவரைப் போல ரோஜாப்பூவை முகர்கிறார். அவரது கையில் வாளுக்குப் பதிலாகப் பூவைக் கொடுத்தது வெற்றியில் ஐயமில்லை என்று காட்டத்தான். மாளிகை கட்டப்பட்டபோது ஐதர் அலி உயிருடன் இல்லை. 1782 டிசம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். எனவே இது போரின் பதிவாக மட்டும் அல்லாமல், மகன் தன் தந்தைக்கு எடுத்த நினைவுச்சின்னமாகவும் இருந்தது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அந்த முற்றுகைக்கு முன்பே ஓவியம் சிதைக்கப்பட்டிருந்தது என்று மைசூர் கெசட்டியரைத் தொகுத்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் எழுதியுள்ளார். வெற்றிக்குப் பின் நகரின் பொறுப்பை ஏற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்கால வெலிங்டன் கோமகன், இம்மாளிகையில் தங்கி ஓவியத்தைச் சீராக்கினார். கோட்டைத் தாக்குதலை முன்னின்று நடத்திய டேவிட் பெயர்டு, புள்ளலூரில் சிறைப்பட்டு இந்நகரில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர். நகரின் பொறுப்பு தனக்குக் கிடைக்காமல் வெல்லெஸ்லிக்குப் போனதில் அவருக்குக் கடும் மனத்தாங்கல் இருந்தது. அவர் அனுபவித்த தோல்வியின் படத்தை, அவரை முந்தியவர் தம் வீட்டுச் சுவரில் புதுப்பித்துக்கொண்டார்.

பிறகு எப்போதோ சுவரில் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. 1850-களில் மைசூருக்கு வந்த டல்ஹௌசி பிரபு, வெல்லெஸ்லியின் நினைவாக மாளிகையைப் பழுதுபார்த்து அரசுச் செலவில் பராமரிக்க ஆணையிட்டார். பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு சுவரை மீண்டும் தீட்டச் செய்தார். ரைஸ் அந்த ஓவியரின் பெயரைத் தரவில்லை. இன்று நாம் பார்க்கும் காட்சி அவருடைய நினைவுக்குக் கடன்பட்டது.

அந்த நினைவு எவ்வளவு சரியானது என்பதை ஓரளவு சோதிக்க வழியுண்டு. இதே காட்சியைப் பத்துத் தாள்களில், சுமார் 32 அடி நீளத்தில் தீட்டிய காகித ஓவியம் ஒன்று 2022-ல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. சதுர வியூகம், பல்லக்கு, வெடிக்கும் வண்டி ஆகியவை அதிலும் இருக்கின்றன. ஆகவே சுவரோவியத்தின் காட்சியமைப்பைப் பழையதாகக் கொள்ளலாம். முகச்சாயல், உடை, ஆயுதம் போன்ற நுணுக்கங்களை மட்டும் 1780-ன் நேரடிச் சான்றாக எடுத்தாள்வது பொருந்தாது.